ஒன்றரை ஷிப்ட்டும் தேசிய சுகாதார இலக்குகளும்

2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில், மருத்துவமனைக்கு வெளியே எட்ட வேண்டிய இலக்குகள் என்று சிலவற்றைத் தனியே அடுக்கியிருக்கிறார்கள். வேலையின்போது ஏற்படும் காயங்களை 2020க்குள் பாதியாகக் குறைப்பது அவற்றில் ஒன்று. எதிலிருந்து பாதி என்பதற்கும் எண் உண்டு: ஒரு லட்சம் விவசாயத் தொழிலாளர்களுக்கு 334 காயங்கள். ஓவர்லாக் ஊசி விரலில் ஏறிய டெய்லரும், கட்டிங் மிஷினில் விரலை இழந்தவரும், சாயப்பட்டறையில் கொதிநீர் பட்டவரும் அந்த எண்ணில் வரமாட்டார்கள். ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்து, சுமார் 6 லட்சம் பேருக்கு நேரடி வேலை தருவதாகச் சொல்லப்படும் திருப்பூர், அந்த இலக்குக்கு வெளியே நிற்கிறது.

அதே கொள்கை, பல துறைகளும் கைகோத்துச் செய்ய வேண்டிய ஏழு பணிகளையும் பட்டியலிடுகிறது. வேலையிடத்தில் மன அழுத்தத்தைக் குறைத்துப் பாதுகாப்பைக் கூட்டுவது அவற்றில் ஒன்று. ஆக, பிரச்சினை தெரியாமல் இல்லை. தெரிந்ததை எண்ணவில்லை, எண்ணாததற்கு யாரும் பொறுப்பேற்கவும் இல்லை. நம் நாட்டின் சுகாதார இலக்குகளில் எவை எட்டப்பட்டன, எவை எட்டப்படவில்லை என்று பார்த்தால், வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பனியன் நகரம் அதற்கு நல்ல உரைகல்.

இலக்குகள் வந்த வழி

உடல்நலம் என்பது மருந்துக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. 1939இல் வந்த சென்னை மாகாணப் பொது சுகாதாரச் சட்டம் குடிநீர், வடிகால், கழிப்பிடம், தங்கும் விடுதி என்று மருத்துவர் கை எட்டாத இடங்களைத்தான் பெரிதும் பேசியது. 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழு, மருத்துவமனைகளோடு ஊட்டச்சத்து, வீட்டுவசதி, தொழிற்சாலை நலம் ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்கியது. 1978இல் அல்மா அட்டா மாநாடு '2000க்குள் அனைவருக்கும் நலவாழ்வு' என்ற முழக்கத்தைத் தந்தது. அதன் வழியில் 1983இல் முதல் தேசிய சுகாதாரக் கொள்கையும், 2002இல் இரண்டாவதும், 2017இல் மூன்றாவதும் வந்தன.

உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகளை ஆராய உலக சுகாதார நிறுவனம் 2005இல் மைக்கேல் மார்மட் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. அமர்த்தியா சென்னும், பெண் தொழிலாளர் அமைப்பான சேவாவின் மிராய் சாட்டர்ஜியும் அதில் உறுப்பினர்கள். 2008இல் வந்த அதன் அறிக்கை சொன்னது மூன்று: மக்கள் பிறந்து, வளர்ந்து, உழைத்து, முதுமையடையும் சூழலை மேம்படுத்துங்கள், அதிகாரமும் பணமும் வளமும் சமமின்றிப் பங்கிடப்படுவதைச் சரிசெய்யுங்கள், நிலைமையை அளந்து பாருங்கள். அமெரிக்காவின் பத்தாண்டுத் திட்டமான 'ஹெல்தி பீப்புள்' இன்று வருமானம், கல்வி, மருத்துவ வசதி, குடியிருப்புச் சூழல், சமூக உறவு என்ற ஐந்து தலைப்புகளில் இந்தக் காரணிகளுக்கும் இலக்கு வைக்கிறது. நாம் முதல் இரண்டு அறிவுரைகளையும் கொள்கையில் எழுதிக்கொண்டோம். மூன்றாவதில்தான் தடுக்கி விழுந்தோம்.

எட்டியவையும் எட்டாதவையும்

பேறுகாலத் தாய் இறப்பை 2020க்குள் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 100 ஆகக் குறைப்பது 2017 கொள்கையின் இலக்கு. 2018-20 கணக்கில் அது 97 ஆனது. குழந்தை இறப்பு 2019க்குள் ஆயிரத்துக்கு 28 ஆக வேண்டும் என்றார்கள், 2020இல் வந்துசேர்ந்தது. கருவள விகிதம் 2025க்குள் 2.1 ஆக வேண்டும் என்றார்கள். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே 2.0 ஆகிவிட்டது. தமிழ்நாடு அப்போதே இன்னும் முன்னே நின்றது: பேறுகாலத் தாய் இறப்பு 54, குழந்தை இறப்பு 13, மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம்.

மறுபக்கம் பாருங்கள். அரசின் சுகாதாரச் செலவு 2025க்குள் நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதத்தைத் தொட வேண்டும் என்றார்கள். 2021-22இல் அது 1.84. காசநோயை 2025க்குள் ஒழிப்பது என்றார்கள், அதாவது புதிதாக நோய் வருவோர் விகிதத்தை 2015இல் இருந்ததிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு குறைப்பது. 2024 வரை குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான்: லட்சத்துக்கு 237இலிருந்து 187. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே மாநிலத்துப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த மாநிலத்தால், பிரசவிப்பவளின் ரத்தத்துக்கு இரும்பைக் கொண்டுவர முடியவில்லை.

பிரசவத்துக்குக் கணக்கு உண்டு, கணக்குக்கு ஆள் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு தாய் இறந்தால் மாவட்ட ஆட்சியர் வரை விசாரணை போகும். எந்த நிலையத்தில் எந்த மணிக்கு என்ன தாமதம் என்று பதில் சொல்ல வேண்டும். ரத்தசோகைக்கு அப்படி யார் பதில் சொல்வது? சத்து மாத்திரை சுகாதாரத் துறையிடம், அரிசி உணவுத் துறையிடம், கூலி தொழிலாளர் துறையிடம், ஓய்வு நேரம் கம்பெனியிடம். இதே மாநிலம் 1982இல் சத்துணவையும், 2022இல் பள்ளிகளில் காலை உணவையும் கொண்டுவந்து, மருத்துவத் துறைக்கு வெளியே இருந்தே உடல்நலத்தைக் கூட்ட முடியும் என்று காட்டியிருக்கிறது. பள்ளி வாசலைத் தாண்டி கம்பெனி கேட்டுக்குள் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

மணிக்கணக்கு

திருப்பூரில் ஒருவரிடம் எவ்வளவு நேரம் வேலை என்று கேட்டால் மணியில் பதில் வராது, ஷிப்ட்டில்தான் வரும். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை போனால் ஒன்றரை. நள்ளிரவு தாண்டினால் இரண்டு. பல கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட்தான் வழக்கம். ஒரு ஷிப்ட்டோடு எழுந்து போகிறவரை அடுத்த வாரம் மேஸ்திரி கூப்பிடத் தயங்குவார். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் பேக்கிங்கிலும் இரவு முழுக்க விளக்கு எரியும். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு கம்பெனியின் தலையில் விழும். ஆகவே ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பையர் ஒரு டிசைனை முடிவு செய்யத் தாமதித்த ஒரு வாரம், இங்கே ஒரு பவர்டேபிள் டெய்லரின் தூக்கத்திலிருந்து கழிக்கப்படுகிறது.

உணவு இடைவேளையையும் டீ நேரத்தையும் கழித்தாலும் ஒன்றரை ஷிப்ட் என்பது நாளுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது, வாரத்துக்கு அறுபது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35-40 மணி நேரம் உழைப்பவரைவிட 55 மணிக்கு மேல் உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதய ரத்தநாள நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தேடித் தேடிக் கண்டுபிடிக்கும் மாநிலம், அவற்றோடு கைகோத்து நிற்கும் இந்த மணிக்கணக்கை நோய்க் காரணியாக எங்கும் பதிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் 48 மணி நேர வரம்பு தொடர்கிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த வாரம் முழுக்கத் தமிழகம் 12 மணி நேர வேலை வரக்கூடாது என்று வாதாடியது. திருப்பூரில் அது வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

பீஸ் ரேட் இந்த மணிக்கணக்கை இன்னும் இறுக்குகிறது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பையிலிருந்து போகிறது. அதனால் பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். கழிப்பறை தூரம், அதில் வரிசை, சூப்பர்வைசரின் பார்வை எல்லாம் சேர்ந்து எடுக்கும் முடிவு அது. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அதன் விளைவு. மாதவிடாய் வலியோடு ஓய்வு கேட்டவர்களுக்குப் பெயரே ஒட்டாத மாத்திரைகளைக் கொடுத்து மிஷினில் திரும்ப உட்காரவைத்ததைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் துறையில் சுமார் நூறு பெண்களிடம் பேசி வெளியிட்டது. ஒரு டாக்டர் எழுதித்தர வேண்டிய மருந்தை அங்கே முடிவு செய்தது புரொடக்‌ஷன் டார்கெட்.

குடியிருக்கும் அறை

திருப்பூருக்குள் வரும் தொழிலாளி முதலில் தேடுவது வேலையை அல்ல, அறையை. வேலை கிடைத்துவிடும். அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், நல்லூர்ப் பக்கங்களில் லைன் வீடுகள் ஒரே மாதிரி இருக்கும்: ஒரு நடை, அதன் ஓரமாக வரிசையாகக் கதவுகள், கதவுக்கு ஓர் அறை, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றிரண்டு கழிப்பறை, உப்புத்தண்ணீர்த் தொட்டி. தென் மாவட்டங்களிலிருந்து குடும்பமாக வந்தவர்கள் நான்கைந்து பேர் ஓர் அறையில் இருப்பார்கள். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் இளைஞர்கள் ஆறேழு பேர் ஓர் அறையை எடுத்து, பகல் ஷிப்ட்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரர் படுப்பதும் உண்டு. ஜன்னல் இருந்தாலும் சாத்தியே இருக்கும். பக்கத்துச் சுவர் ஒட்டி நிற்கும்.

தண்ணீரின் கதை தனி. நகரம் நொய்யல் ஆற்றின் கரையில் இருந்தும் குடிக்கவும் தொழிலுக்கும் வெளியிலிருந்து நீர் கொண்டுவர வேண்டியிருந்தது. தனியார் பங்கேற்புடன் நாட்டிலேயே முன்னோடியாகச் சொல்லப்பட்ட புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தின் திட்டம், பவானிப் பக்கத்திலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும்படி 2000களின் நடுவில் செயலுக்கு வந்தது. அதில் பெரும்பங்கு சாயத் தொழிலுக்கென்றே வகுக்கப்பட்டிருந்தது.

நெரிசலான இந்த லைன் வீட்டு அறைகளில் காசநோய் எப்படி நடமாடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு பழைய சர்ச்சை தீர்க்கப்பட வேண்டும். 1959இல் வெளியான சென்னைக் காசநோய் ஆய்வு, நெரிசலான வீட்டில் எளிய உணவோடு இருந்து மருந்து உண்டவர்களும், சானடோரியத்தில் நல்ல உணவோடு இருந்தவர்களும் ஒரேபோலக் குணமானதைக் காட்டி உலகையே மாற்றியது. அதிலிருந்து, மருந்து இருந்தால் போதும், வீடும் சோறும் இரண்டாம்பட்சம் என்று பலர் படித்துக்கொண்டார்கள். ஜார்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு மற்றொரு பாதியைச் சொன்னது. நோயாளியின் வீட்டாருக்கு ஊட்டமான உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றும் வகைக் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. வந்த நோயை மருந்து தீர்க்கும். யாருக்கு வரும் என்பதைத் தட்டு தீர்மானிக்கும். அந்த ஜார்கண்டின் இளைஞர்கள்தான் இன்று திருப்பூர் அறைகளில் சோறும் உருளைக்கிழங்கும் வடித்துச் சாப்பிட்டு ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அரசு காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாய் தந்துவந்து, 2024 நவம்பர் முதல் 1,000 ஆக்கியது. நல்லது. ஆனால் ஆறு மாத சிகிச்சையில் இழக்கும் ஷிப்ட்டுகளின் கூலி அந்தத் தொகைக்குப் பலமடங்கு.

அருகே வந்த ஆஸ்பத்திரி

சிகிச்சை வசதியைப் பொறுத்தவரை கடந்த சில ஆண்டுகள் திருப்பூருக்கு நல்லவை. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய 100 படுக்கை தொழிலாளர் காப்பீட்டு (இஎஸ்ஐ) மருத்துவமனை, ஐந்தாண்டு காத்திருப்புக்குப் பின் திறந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், 2024இல் தொழிலாளரைத் தேடி வேலையிடத்துக்கும் போகத் தொடங்கியது. கம்பெனியிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருவது சாதாரண விஷயமல்ல. அரைநாள் கூலியை இழக்காமல் மருந்து கிடைக்கிறது.

இஎஸ்ஐயின் வரம்புதான் சிக்கல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு அது பொருந்தும், தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். நோய்க்கால உதவித்தொகை வேண்டுமென்றால் ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா பதிவாகியிருக்க வேண்டும். காகிதத்தில் இது நியாயமான கணக்கு. ஆனால் பனியன் தொழில் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையலை கான்ட்ராக்டர் எடுத்து வீட்டு மாடியில் எட்டு மிஷின் போட்டு முடிப்பது ஓரிடம். சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குப் போகிறவருக்கு 78 நாள் என்பது எந்தப் பதிவேட்டில் சேரும்? பஞ்சு நூலாலைகளில் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய், விடுமுறைக்குப் பின் வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சிறுக்கமாகத் தொடங்கும். சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே அது இருக்கிறது. ஆனால் இருமலோடு வருபவரிடம் 'எந்த மில்லில், எத்தனை வருஷமாக?' என்று கேட்டு எழுதும் பழக்கம் இல்லாதவரை அது ஆஸ்துமா என்றோ சளி என்றோதான் சீட்டில் ஏறும்.

மனநலத்துக்கும் இதே கதிதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், நாட்டில் தற்கொலை செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தினக்கூலி. ஆர்டர் இல்லாத மாதமும், கந்துவட்டியும், ஊரைவிட்டு வந்த தனிமையும் ஆலோசனை மையத்தால் மட்டும் தீராது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, வாஷிங்டனில் எடுத்த முடிவு இங்கே எத்தனை ஷிப்ட், எத்தனை கிலோ பருப்பு என்ற கேள்வியாக மாறியது.

நொய்யலின் பாடம்

எதுவும் மாறாது என்று கைவிரிப்பதற்கில்லை. திருப்பூரிலேயே ஒரு சமூகக் காரணி மாற்றப்பட்டிருக்கிறது. சாயக்கழிவு நொய்யலில் ஓடி, 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைக் கழிவுக் குளமாக்கியது. கிணறுகள் கெட்டன; கால்நடைகளும் குடிக்காத தண்ணீர் ஆனது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கெடுவும் இழப்பீடும் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதன் பிறகும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். கழிவுநீர் சொட்டும் வெளியேறாத முறை அப்படித்தான் வந்தது. இன்று அதையே 'பசுமை உற்பத்தி' என்று சொல்லித் தொழில்துறை ஆர்டர் பிடிக்கிறது.

ஏன் நடந்தது? நீரின் உப்புத்தன்மைக்கு அளவு இருந்தது. மீறியது எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்று தெரிந்தது. மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. பேறுகால இறப்பு குறைந்ததும் இதே வழியில்தான். 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தமும் அவ்வழியில் நடந்தது: தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் ஒப்பமிட்டு, பெரிய பையர்களையும் கட்டுப்படுத்தி, பாலியல் தொல்லையைத் தடுக்காவிட்டால் ஆர்டருக்கே பாதிப்பு என்று எழுதிக்கொண்டார்கள். அறிவுரையாக இருந்தது கடமையாக மாறியது.

நொய்யல் தீர்ப்பின் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. பட்டறைகள் மூடிய மாதங்களில் கூலியை இழந்தவர்கள் தொழிலாளர்கள். சுத்திகரிப்புக்கு வட்டியில்லாக் கடன் கிடைத்தது முதலாளிகளுக்கு. ஒரு நலனுக்காக இன்னொரு நலனைக் காவுகொடுக்கும் தீர்வு நெடுநாள் நிற்காது.

செய்ய வேண்டியது

வரப்போகும் இலக்குகள் தேசிய அளவில் ஒரு சராசரியாக நிற்கக் கூடாது. தொழில் மாவட்டங்களுக்கென்று தனி எண்கள் வேண்டும். திருப்பூருக்கு ஐந்து போதும்: வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களின் விகிதம், இஎஸ்ஐயில் பதிவாகாத தொழிலாளர்களின் விகிதம், வாடகை அறைகளில் கழிப்பறை ஒன்றுக்கு எத்தனை பேர், பெண் தொழிலாளர்களிடையே ரத்தசோகை, தொழிலால் வந்த நோய்களும் காயங்களும் சேர்ந்த எண்ணிக்கை. முதலாவதுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும், இரண்டாவதுக்கு இஎஸ்ஐ கழகமும், மூன்றாவதுக்கு மாநகராட்சியும், மற்ற இரண்டுக்கும் சுகாதாரத் துறையும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். பேறுகால இறப்பைப் போலவே இவற்றையும் ஆட்சியர் மாதந்தோறும் கூட்டம் போட்டுக் கேட்க வேண்டும். எண்களைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் கம்பெனி வாசலில் ஒட்ட வேண்டும்.

செலவைப் பற்றி முதலாளிகள் கேட்பார்கள், நியாயம்தான். பீஸ் விலையை ஐந்து காசுக்குப் பேரம் பேசும் பையரும் இந்தக் கணக்கில் பங்கேற்க வேண்டும். திண்டுக்கல்லில் அது முடிந்திருக்கிறது என்பதால் முடியாது என்று இனிச் சொல்ல முடியாது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. வேலைநேர வரம்பு இருக்கிறது, தொழில்நோய்ப் பட்டியல் இருக்கிறது, விடுதிகளைச் சோதிக்கும் அதிகாரம் 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. இல்லாதது மாதா மாதம் கேட்கும் ஒரு கேள்வியும், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரியும். அந்த இரண்டையும் கேட்டுப் பெறுவதைத் தொழிற்சங்கங்கள் கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதியாக்கட்டும். சுகாதாரத் துறை அதைத் தன் வேலையாக ஏற்கட்டும்.